சைக்கிள் கடை நாற்காலி

அந்த வீட்டில் மீன் தின்றேன். தின்று கை கழுவிவிட்டு வந்து, அந்த வீட்டுக்கு அரசாங்க உதவி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது இதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெண்ணாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு கிராமத்துக்கு நான் நிர்வாக அலுவலர். பரம்பரை மணியக்காரர்களை எடுத்துவிட்டு, தேர்வு எழுதி வந்தவர்களை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். உத்தியோகத்தின் பெயர் மாறியதே தவிர, ஊருக்கு நானும் மணியக்காரர்தான். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் காட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. யாருக்கு எத்தனை ஆடு, யாருக்குச் சம்பாதிக்கிற மகன், யார் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிகிறது என்று எட்டிப் பார்த்து எழுதுகிற வேலை. அதிலிருந்து தப்பிக்கலாம் என்று அஞ்சல் வழியில் எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்திருந்தேன். எம்.ஏ. படித்தவனை யார் எங்கே தூக்கி வைக்கப் போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் கிராமத்தில் ஒரு பரிசல்காரர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த ஒரு நாள் பரிசல் பாறையில் மோதி, வலது தோள் பாறைக்கும் பரிசலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பரிசலில் இருந்த ஐந்து பேரும் கரை ஏறிவிட்டார்கள். இவருக்குக் கை போய்விட்டது. போய்விட்டது என்றால் தொங்கிக்கொண்டிருந்தது, வேலைக்கு ஆகாது. அரசு மருத்துவர் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஊனமுற்ற ஆதரவற்றோருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஊனத்துக்கு மருத்துவர் சான்று போதும். ஆதரவற்றவரா என்பதற்கு நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

போனேன். ஒற்றை அறை, ஓலைக் கூரை. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே ஓர் இரும்பு நாற்காலி. அதில்தான் என்னை உட்கார வைத்தார்கள். எதிரே பித்தளைக் குடம் இரண்டு, பெரிய பித்தளை அண்டா ஒன்று, துலக்கிய துலக்கலில் என் முகம் தெரிந்தது. அண்டாவின் மேல் ஒரு சுவர்க் கடிகாரம். ஒரு மூலையில் டிரான்சிஸ்டர் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பரிசல்காரரின் மனைவி எவர்சில்வர் தட்டில் வறுத்த வாளை மீன் கொண்டுவந்து வைத்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

"சாப்பிடுங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க."

"நல்லா இருக்குது."

"இன்னொன்னு வெக்கட்டுங்களா?"

இரண்டாவதையும் தின்றேன். பிறகு என் அலுவலகமான சாவடிக்கு வந்து, அறிக்கையில் எழுதினேன்: இரும்பு நாற்காலி ஒன்று, பித்தளைப் பாத்திரங்கள் மூன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, வானொலிப் பெட்டி ஒன்று. மனைவி கூலி வேலை செய்கிறார். மனுதாரர் ஆதரவற்றவர் என்ற வரையறைக்குள் வரவில்லை.

எனக்கு அவர் மேல் எந்த விரோதமும் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினேன், நேர்மையாக இருக்கிறோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து, மதியத்தில் பரிசல்காரர் சாவடிக்கு வந்தார். இடது கையில் ஒரு பழுப்புக் கடிதம். வேட்டி துவைத்துக் கட்டியிருந்தார். முகத்தில் சிரிப்பு.

"தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வந்திருக்குதுங்க. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார். எந்த மாசத்துல இருந்து வருமாம்?"

வாங்கிப் படித்தேன். இரண்டே வரி. "நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் என் அறிக்கையின் தேதி.

"இல்லைன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் நின்றுவிட்டுப் போனது. "ஏனுங்க? டாக்டரு எழுதிக் குடுத்தாருங்களே. கை பத்தலைங்களா?"

"அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு. நான் என்ன பண்ண?"

இது பொய். அரசாங்கம் முடிவு பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன், மீன் வாசனை விரலில் இருக்கும்போதே.

"அப்ப பெரியவளை அனுப்பிர வேண்டியதுதாங்க" என்றார். மூத்த பெண் எட்டாம் வகுப்பு. பெங்களூரில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்ய ஆள் கேட்டிருந்தார்களாம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்களாம். உதவித்தொகை வந்தால் அனுப்ப வேண்டாம் என்று புருஷனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் சேலத்தில் எனக்கு நேர்முக வகுப்பு. பஸ்ஸில் படிக்கலாம் என்று தபாலில் வந்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். தொழில் வளர்ந்த ஜனநாயக நாடுகளில் சமூகநல உதவிகள், ஓர் ஒப்பீடு. சாணித்தாளில் அடித்தது. எழுதிய மகானுபாவர் பெண்ணாகரத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் தருமபுரி பஸ் நிலையத்தில்தான் முடிப்பார். மூன்று பக்கம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. எல்லா நாடும் ஒன்றுபோல இருந்தது.

அப்போது ஒரு வழி தோன்றியது. நம் பரிசல்காரரை ஒவ்வொரு நாட்டிலும் கொண்டுபோய் விடுவோம், அவருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

மேற்கு ஜெர்மனியில் விட்டேன். அங்கே தொழிலை வைத்துத்தான் எல்லாம். தொழிற்சாலைக்காரனுக்கு ஒரு காப்பீடு, அலுவலகக்காரனுக்கு ஒரு காப்பீடு. வேலையில் அடிபட்டால் கௌரவமாகக் கொடுக்கிறார்கள், சம்பளத்துக்குத் தக்கபடி. ஆனால் உன் முதலாளி யார் என்று கேட்பார்கள். நம்மாள் யாரைச் சொல்வார்? காவிரியையா?

அமெரிக்காவில் விட்டேன். வேலை செய்த காலத்தில் அதற்கான வரி கட்டியிருந்தால் ஒரு வாசல். கட்டாதவன் வேறு வாசலில் போய் நான் ஏழை, நான் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். மளிகைக்குத் தனிக் கூப்பன் தருகிறார்கள். அதை நீட்டும்போது வரிசையில் பின்னால் நிற்பவன் பார்க்கிறான். உலகத்திலேயே பணக்கார நாடு, ஆனாலும் நம் தாலுகா ஆபீஸ் மாதிரிதான் கேட்கிறது.

ஸ்வீடனில் விட்டேன். அடிப்படைத் தொகை எல்லோருக்கும் உண்டு. காடு வைத்திருப்பவனுக்கும் உண்டு, கை போனவனுக்கும் உண்டு. மருத்துவர் கையைப் பார்ப்பார். வீட்டை யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். மணியக்காரன் இல்லாத ஊர்.

கடைசியில் பிரிட்டன். வாரா வாரம் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால் உரிமையாகக் கிடைக்கும். கட்டாதவர்களுக்கு, வசதி இருக்கிறதா என்று துருவுகிற வசதிச் சோதனை. இந்தச் சோதனைக்கு அங்கே ஒரு கெட்ட பெயர் உண்டு என்று போட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், வேலை இல்லாதவர்களின் வீட்டுக்கு ஓர் ஆள் வருவானாம். நாற்காலி எத்தனை, மேசை எத்தனை என்று எண்ணுவானாம். அதிகம் இருந்தால் விற்றுத் தின்னச் சொல்வானாம். அதனால் அவன் வருகிறான் என்று தெரிந்தால் ஜனங்கள் சாமான்களைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைப்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், ஒளித்து வைத்திருக்கிறான், நம் ஆட்களுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது அந்தச் சிரிப்பு நின்றது. சுவர்க் கடிகாரம் ஏன் அண்டாவின் மேல் இருந்தது?

ஏனென்றால் அந்தச் சுவரில் ஆணி இல்லை. அது மண் சுவர், ஆணி அடித்த தடமே இல்லை. நான் உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் சிவப்புப் பெயின்டில் எழுத்து இருந்தது. வாடகை சைக்கிள் கடை பாய் தன் பம்பு, ஸ்பேனர், நாற்காலி எல்லாவற்றிலும் கடைப் பெயரை எழுதி வைத்திருப்பார். நான் தினமும் காற்றடிக்கிற கடை. அந்த எழுத்தை என் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

சேலத்தில் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை காலையில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி இல்லை. கடிகாரம் இல்லை. இரண்டு மண்பானை, ஒரு கோரைப் பாய், சுவரில் சாய்த்து வைத்த துடுப்பு. பரிசல்காரரின் மனைவி கல் உடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இருந்த நாற்காலி யாருதும்மா?"

"சைக்கிள் கடை பாய்துங்க."

"கடிகாரம்?"

"எதிர்வூட்டு அக்காவுதுங்க. அண்டா குடமெல்லாம் மேலவூட்டுதுங்க. ஏனுங்க, எதாவது காணமா?"

"ரேடியோ?"

"மீன் கடைக்காரருது. மீனும் அவருதுதான். நீங்க சும்மா உக்காந்திருந்தா பொழுது போவாதுன்னு ரேடியோவையும் குடுத்தாரு."

"ஏம்மா, ஏழையான்னு பாக்க வர்றவன் முன்னாடி ஊரான் சாமானை எல்லாம் அடுக்கி வெச்சா நான் என்னன்னு எழுதுவேன்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வூட்டுக்கு வர்றவங்களை மண்ணுலயா உக்கார வெப்பாங்க? ஆபீசரு வர்றாருன்னு தெரு முழுக்க ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. மருவாதி பண்ணுனது தப்புங்களா?"

பரிசல்காரர் உள்ளே இருந்து கேட்டார். "அப்ப இல்லைன்னு எழுதுனது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"மீனு நல்லா இருந்துச்சுங்களா?"

"சும்னிரு" என்று மனைவி கன்னடத்தில் அவரை அடக்கினார். அடக்கியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

அன்றைக்கே தாசில்தாருக்கு எழுதினேன். எனது முந்தைய அறிக்கை தவறானது. அதில் கண்ட பொருள்கள் எவையும் மனுதாரருடையவை அல்ல. விருந்தினரை உபசரிக்க இரவல் வாங்கியவை. நான் விசாரிக்காமல் எழுதினேன். மறுவிசாரணை கோருகிறேன்.

வருவாய் ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "யோவ், உன் ரிப்போர்ட்டையே நீ தப்புன்னு எழுதுறியா? மெமோ வாங்கணும்னு ஆசையா?"

"தப்பு சார், தப்புன்னு எழுதினேன்."

"எவ்வளவு குடுத்தான்?"

"ரெண்டு மீன் குடுத்தாங்க சார். அது தப்பா எழுதறதுக்கு முன்னாடி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானே வந்து பார்க்கிறேன், புதன்கிழமை, நாற்காலி அவனுடையது என்று தெரிந்தால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்றார். காலாண்டுத் தேர்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பரிசல்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் தெளிவாகச் சொன்னேன். "நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றார். ஒரு சொம்புகூட இரவல் வாங்கக் கூடாது. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்." சரிங்க என்றார். சத்தியமாக வாங்கமாட்டேன் என்றார்.

புதன்கிழமை ஆய்வாளருடன் பெண்ணாகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். நடந்து போகும்போது ஸ்வீடனைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன்.

"அங்கெல்லாம் வீட்டை வந்து பாக்கறதில்லையாம் சார்."

"அது பணக்கார நாடுய்யா. கொட்டிக் கிடக்குது, குடுக்கிறான்."

"அமெரிக்கா அதைவிடப் பணக்கார நாடு சார். அங்க நம்மளை மாதிரிதான் தோண்டித் தோண்டிக் கேக்கறான். பணம் இருக்குதாங்கறது வேற. ஆளைப் பாத்து என்ன கேக்கறோம்கிறது வேற."

"பரீட்சையில எழுது. மார்க் போடுவான்" என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். உள்ளே சைக்கிள் கடை நாற்காலி. அதன் மேல் பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்சு புதிதாக. அண்டா, குடங்கள், கடிகாரம் எல்லாம் திரும்ப வந்திருந்தன. போன தடவை சின்ன ஆபீசர், இந்தத் தடவை பெரிய ஆபீசர் இல்லையா? கண்ணாடி டம்ளரில் கலர் சோடா வேறு.

ஆய்வாளர் துண்டின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொன்னேன் நேத்து?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாங்க கேக்கலைங்க சாமி. அவிங்களே கொண்டாந்து வெச்சுட்டாங்க. வேணாம்னு எப்படிங்க சொல்றது?"

நான் தெருவுக்கு வந்தேன். நாகரிகமாக நடந்துகொள்ள எனக்கு எப்போதுமே தெரியாது. அன்றைக்கு அது உதவியது. தெரு நடுவில் நின்று கத்தினேன்.

"யாரு சாமானெல்லாம் இங்க இருக்குது? வந்து எடுத்துட்டுப் போங்க! இப்பவே! இது உங்க மரியாதை இல்ல, அந்தப் பொண்ணைப் பெங்களூருக்கு அனுப்பற டிக்கெட்டு!"

ஒருவருக்கும் விஷயம் தெரியாது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்கள். முதலில் எதிர்வீட்டு அம்மா வந்தார். கடிகாரத்தை எடுத்து இடுப்பில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு போனார். மேலவீட்டுக்காரர் அண்டாவைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். குடங்கள் போயின. மீன் கடைக்காரர் வந்து ரேடியோவை எடுத்தார். அது பாடிக்கொண்டே போனது. பெஞ்சை இரண்டு பேர் தூக்கினார்கள். டம்ளர் யாருடையது என்று இரண்டு பெண்களுக்குள் சின்னச் சண்டை.

"ஏன்டி, அதுல கீறல் இருக்குதா பாரு. இருந்தா என்னுது."

"கீறல் விழாத டம்ளர் உங்க வூட்டுல ஏது?"

கடைசியில் சைக்கிள் கடை பாய் வந்தார். கையில் கிரீஸ். வாசலில் நின்று தயங்கினார்.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்திரிச்சீங்கன்னா எடுத்துக்குவேங்க."

வருவாய் ஆய்வாளர் எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் முதுகைத் திருப்பி, சிவப்பு எழுத்தை உரக்கப் படித்தார். என்னைப் பார்த்தார். "இதைப் பாக்காமயாய்யா எழுதுன?" என்றார்.

"பாத்துட்டுதான் சார் எழுதினேன்."

பாய் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் இரண்டு பானையும் கோரைப் பாயும் துடுப்பும் மிஞ்சின. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார். அவர் அழுததற்கு வறுமை காரணமில்லை. ஆபீசர் நிற்கிறார், உட்கார வைக்க ஒன்றும் இல்லை. அதற்குத்தான்.

ஆய்வாளர் அதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கத்துகிறவர்தான், ஆனாலும் புரிந்துகொண்டார். கோரைப் பாயை இழுத்துப் போட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொடையில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தார். நடுவில் துடுப்பைக் காட்டினார்.

"அது யாருதுங்க?"

"எங்களுதுங்க" என்றார் பரிசல்காரர். "அதையும் எழுதிக்குங்க. ஆனா அது இனி ஆகாது."

எழுதிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "தண்ணி குடும்மா, உங்க வூட்டுத் தண்ணி" என்றார். அலுமினியச் சொம்பில் வந்தது. முழுவதையும் குடித்தார்.

திரும்பிப் போகும்போது வழியில் தானாகவே பேசினார். அடுத்த வாரம் உத்தரவு போய்விடும், பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று சொல் என்றார். நான் அங்கேயே திரும்பி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மெமோவும் வந்தது. பதில் எழுதினேன்: தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

மூத்த பெண்ணைக் கூட்டிப்போக வந்த ஆள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

என் எம்.ஏ. தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. நான்கு நாடுகளின் சமூகநல உதவிகளை ஒப்பிடுக என்று கேட்டிருந்தார்கள். நான் பரிசல்காரரை நான்கு நாட்டுக்கும் அனுப்பி, கடைசியில் பெண்ணாகரத்துக்குக் கொண்டுவந்து எழுதினேன். எந்த நாடு கையைப் பார்க்கிறது, எந்த நாடு நாற்காலியை எண்ணுகிறது என்று எழுதினேன். திருத்தியவர் என்ன நினைத்தாரோ, பாஸ் மார்க்குக்கு மேல் ஒரு மார்க்குகூடப் போடவில்லை. பாஸ் போட்டாரே, அது போதும்.

அதன் பிறகும் நான் பல வீடுகளுக்கு எட்டிப் பார்க்கப் போயிருக்கிறேன். போன இடத்தில் நாற்காலி இருந்தால் முதலில் அதன் முதுகைப் பார்ப்பேன். உட்காரமாட்டேன். எட்டிப் பார்க்கிற வேலையே ஒரு நாள் இல்லாமல் போகும் என்று அப்போது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அடம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் மணியார்டர் வந்த அன்று நானும் அந்தத் தெருவில் இருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி அந்த வீட்டுக்குள் போனார். நான் எட்டிப் பார்த்தேன், பழக்கம். இடது கைப் பெருவிரலில் மை தடவிக்கொண்டு பரிசல்காரர் நின்றிருந்தார். மூத்த பெண் படிவத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தார். நாற்காலியின் முதுகில் சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது.